வோல்டர் பேட்டன்தான், ஆனால்...

1977 நவம்பர் 20. சிக்காகோ. உடம்பில் ஃபுளூக் காய்ச்சல். அந்த உடம்போடு ஒருவர் மைதானத்துக்குள் இறங்கி, 40 தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, 275 யார்ட் எடுத்தார். அவருடைய அணியான சிக்காகோ பெயார்ஸ், மின்னசோட்டா வைக்கிங்ஸை 10–7 என்று வென்றது. ஒரே மட்சில் ஒரு ஆள் ஓடி எடுத்த ஆகக்கூடிய தூரம் என்ற அந்தச் சாதனை, கிட்டத்தட்ட 23 வருஷம் அப்படியே நின்றது. ஆளின் பெயர் வோல்டர் பேட்டன்.

அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கிற ஆக்களிட்ட போய் "எல்லாக் காலத்துக்கும் ஆகப் பெரிய ரன்னிங் பேக் ஆர்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. இந்தக் காய்ச்சல் கதை எப்படியும் வரும். நாலு பெயரும் வரும்: ஜிம் பிரவுண், வோல்டர் பேட்டன், பாரி சாண்டர்ஸ், எமிட் ஸ்மித். பிறகு விடிய விடியச் சண்டைதான்.

என்ர வோட்டு பேட்டனுக்கு. அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அவருக்கு வோட்டுப் போடேக்க நாங்கள் சொல்லுற காரணங்களில ஒண்டு எனக்குக் கொஞ்சக் காலமா உறுத்திக்கொண்டு இருக்கு. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். றக்பி தெரிந்தவர்களுக்குப் பாதி ஏற்கனவே தெரியும். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார்ட் முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு கிடைக்கும். யார்ட் எண்டது ஒரு மீற்றரை விடக் கொஞ்சம் குறைவு. றக்பியில் இல்லாத இரண்டு விசயம் இங்க இருக்கு. பந்தை முன்பக்கமாக எறியலாம். பந்து இல்லாத ஆளையும் மறித்துத் தள்ளலாம். ரன்னிங் பேக் பின்னால் நிற்பார். பந்தை எறிகிற குவாட்டர்பேக் அவருடைய கையில் பந்தைத் திணிப்பார். முன்னால் நிற்கிற தன்னுடைய ஐந்து தடியன்மார் திறந்து விடுகிற இடைவெளிக்குள்ளால் அவர் பாய வேண்டும். சில நேரம் இடைவெளியே இருக்காது.

ஓடுறது மட்டும்தான் அவருடைய வேலை எண்டு நினைக்காதீங்கோ. எறிகிற பந்தைப் பிடிக்கவும் வேணும். குவாட்டர்பேக் எறியத் தயாராகேக்க அவரை அடிக்க வாற ஆளின் குறுக்க போய் நிக்கவும் வேணும். ஓடுறது, பிடிக்கிறது, மறிக்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

இனி ஆளாளாகப் பார்ப்பம்.

எமிட் ஸ்மித்திலிருந்து தொடங்குவது சுகம். ஏனென்றால் சாதனைப் புத்தகத்தில் முதலாவதாக நிற்பவர் அவர்தான். 15 பருவங்களில் 18,355 யார்ட், ஓடி எடுத்த டச்டவுன் 164. இரண்டும் இன்றுவரை சாதனை. டலஸ் கவ்போய்ஸ் அணியோடு மூன்று சூப்பர் போல் வென்றார். அவருக்கு எதிரான வாதமும் எல்லாருக்கும் தெரியும்: அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வரிசை அந்தக் காலத்திலேயே ஆகப் பலமான வரிசைகளில் ஒன்று, அந்த வரிசைக்குப் பின்னால் ஆரும் ஓடலாம் எண்டு சொல்லுவினம். இது முழு நியாயம் இல்லை. 1993இல் சம்பளப் பிரச்சினையால் ஸ்மித் வராமல் இருந்தார். அதே தடுப்பு வரிசையோடு டலஸ் முதல் இரண்டு மட்சும் தோற்றது. அவர் திரும்பி வந்த பிறகு அந்த வருஷமே சம்பியன். அப்ப "ஆரும் ஓடலாம்" எண்ட கதை எங்க போனது? ஆனாலும் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4.2 யார்ட்தான். நீண்ட காலம், நிறையத் தடவை, நல்ல அணியில் ஓடியதால் வந்த மலை அது. மலை பெரியதுதான். மலையின் உயரம் மட்டும் கேள்விக்குப் பதில் ஆகாது.

கிரிக்கெட்டில் இதே பிரச்சினை எங்களுக்குப் பழக்கமானது. டெண்டுல்கர் 200 டெஸ்டில் 15,921 ஓட்டம். பிராட்மன் 52 டெஸ்டில் 6,996 ஓட்டம், ஆனால் சராசரி 99.94. கூட்டுத்தொகையைப் பார்க்கிறதா, சராசரியைப் பார்க்கிறதா?

ரன்னிங் பேக்குகளின் பிராட்மன், ஜிம் பிரவுண். கிளீவ்லண்ட் பிரவுண்ஸ் அணிக்கு 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவம் ஆடினார். அதில் எட்டுப் பருவத்தில் முழு லீக்கிலும் ஆகக்கூடத் தூரம் ஓடினவர் அவர். 118 மட்ச், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 12,312 யார்ட். ஒரு ஓட்டத்துக்கு 5.2, ஒரு மட்சுக்கு 104.3. மட்சுக்கு நூறுக்கு மேல் என்ற சராசரியோடு ஓய்வு பெற்ற ஒரே ரன்னிங் பேக் அவர்தான். அப்போது ஒரு பருவத்துக்கு 12 மட்ச், 1961இலிருந்து 14. இன்றைக்கு 17.

"அந்தக் காலத்தில் போட்டி குறைவு" எண்டு சிலர் சொல்லுவினம். இதில உண்மை இருக்கு. பிரவுண் வந்தபோது லீக்கில் 12 அணிதான். 105 கிலோ பாரமுள்ள அவரை மறிக்க வந்த பலர் அவரைவிடச் சின்ன ஆக்கள். இன்னுமொன்று: கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு பாதிதான் திறந்திருந்தது. வாஷிங்டன் அணி 1962 வரைக்கும் ஒரு கறுப்பினத்தவரைக்கூடச் சேர்க்கவில்லை. ஆகவே அந்தக் காலத்தின் ஆகத் திறமையான ஆட்கள் எல்லோரும் பிரவுணுக்கு எதிரே நிற்கவில்லை என்று வாதாடலாம். ஆனா அந்தப் பாதிக் கதவுக்குள்ளால வந்தவர் பிரவுணும்தான். மற்றவனுக்கு மூடியிருந்த கதவை, அதே கதவில மோதி உள்ள வந்த ஆளின்ர கணக்கில கழிக்கிறது என்ன நியாயம்?

ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தன் காலத்தின் மேல் இவ்வளவு ஆதிக்கம் செலுத்தியவர் வேறு ஒருவரும் இல்லை. இதை மறுக்க எனக்கு ஏலாது.

பிரவுணைப் பற்றிக் கதைக்கேக்க இன்னொரு விசயத்தை ஒளிக்கவும் ஏலாது. 1967இல் முகமது அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்தபோது, கிளீவ்லண்டில் கறுப்பின விளையாட்டு வீரர்களைக் கூட்டி அவருக்குப் பக்கத்தில் நின்றவர் பிரவுண். அதே பிரவுண் மேல், பெண்களைத் தாக்கினார் என்று பல தடவை குற்றச்சாட்டு வந்தது. பல வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1999இல் மனைவியின் காரை அடித்து நொறுக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டு, நீதிமன்றம் போகச் சொன்ன ஆலோசனை வகுப்புகளுக்குப் போக மறுத்து, 2002இல் சிறையில் இருந்தார். 2023இல் அவர் இறந்தபோது அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றில் இது கடைசிப் பந்தியில் ஒரு வரி.

"ஆட்டத்தை ஆட்டமாப் பாருங்கோ" எண்டு சொல்லுறவை இருக்கினம். சரி, ஓடின யார்டை நான் வெட்டேல்லை. ஆனா "பெரிய" எண்ட சொல் யார்டை மட்டும் அளக்கிற சொல் இல்லையே. அந்தச் சொல்லை ஒரு ஆளுக்குக் கொடுக்கேக்க அவரை முழுசாத் தெரிஞ்சுகொண்டு கொடுக்கிறதுதான் மரியாதை, அந்தப் பெண்களுக்கும் சேர்த்து. பேட்டனை நான் தெரிவு செய்யிறது பிரவுண் கெட்டவர் எண்டதால இல்லை. என்ர காரணம் ஆட்டத்துக்குள்ள இருக்கு. அதுக்கு முதல் சாண்டர்ஸ்.

பாரி சாண்டர்ஸ் ஓடினதை ஒருக்காலும் பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையை இதிலேயே நிற்பாட்டிப் போட்டு ஒரு வீடியோ பார்த்துவிட்டு வாருங்கோ. ஐந்தடி எட்டு அங்குலம். டெட்ரோயிட் லயன்ஸ். நாலு பேர் சுற்றி நிற்கிற இடத்தில் ஆள் இருக்கும், அடுத்த நொடி அந்த நாலு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் மோதிக்கொண்டு கிடப்பார்கள், ஆள் இருக்காது. டச்டவுன் அடித்தால் ஆட்டமும் இல்லை பாட்டும் இல்லை. பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடந்து போவார். 1989 முதல் 1998 வரை பத்துப் பருவம், 15,269 யார்ட், மட்சுக்கு 99.8. 1997இல் மட்டும் 2,053 யார்ட். அணியோ பாவம். அந்தப் பத்து வருஷத்தில் லயன்ஸ் வென்ற பிளேஓஃப் மட்ச் ஒன்றே ஒன்று.

கண்ணுக்கு வடிவு எண்டா சாண்டர்ஸ்தான், அதில மறு பேச்சில்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் பெரிய ஓட்டத்தைத் தேடினதால, பின்னால போய் அகப்பட்ட ஓட்டங்களும் கனக்க. 1994 பருவத்தின் பிளேஓஃபில் கிரீன் பே அணிக்கு எதிராக 13 தடவை ஓடி எடுத்த தூரம், கழித்தல் ஒரு யார்ட். சரியாகத்தான் வாசித்தீர்கள்: தொடங்கின இடத்துக்கும் பின்னால். அவருடைய அணியின் பலவீனமும் அதில் இருக்கு, அவருடைய பாணியும் இருக்கு.

இப்ப பேட்டன்.

முதலில் அவருக்கு எதிரானதைச் சொல்லிவிடுறன். பிரவுண் எட்டுத் தடவையும், சாண்டர்ஸும் ஸ்மித்தும் நாலு நாலு தடவையும் லீக்கில் முதலாவதாக வந்தார்கள். பேட்டன் ஒரே ஒரு தடவை, 1977இல். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4.4. தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய முதல் மட்சில் 8 தடவை ஓடி எடுத்தது பூச்சியம்.

பிறகு ஏன் பேட்டன்? மேல சொன்ன மூன்று வேலையையும் திரும்ப எடுப்பம். ஓட்டம்: 13 பருவம், 16,726 யார்ட். 1984இல் பிரவுணின் சாதனையை முறியடித்தவர் இவர்தான். பிடிப்பு: 492 தடவை, 4,538 யார்ட். ஸ்மித் அதைவிடக் கூட, 515 தடவை பிடித்தார், ஆனால் எடுத்தது 3,224 யார்ட். கணக்கைக் கூட்டிப் பாருங்கோ. ஓட்டத்தில் மட்டும் பார்த்தால் ஸ்மித்துக்கு 1,629 யார்ட் பின்னால் நிற்கிற பேட்டன், இரண்டையும் கூட்டினால் 315 யார்ட்தான் பின்னால். அதுவும் இரண்டு பருவம் குறைவாக ஆடி. அவருடைய முதல் மூன்று பருவமும் 14 மட்ச் பருவங்கள். 1982 பருவம் வேலைநிறுத்தத்தால் ஒன்பது மட்சாகச் சுருங்கினது. இதுக்கு மேல, பந்தை எறிந்து எட்டு டச்டவுன் வேறு எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது வேலை மறிப்பு. இதுக்குக் கணக்கே இல்லை. எந்த அட்டவணையிலும் வராது. பேட்டனின் பழைய மட்சுகளைப் பார்க்கேக்க பந்தை விட்டுப்போட்டு ஆளைப் பாருங்கோ. தன்னைவிட 20, 30 கிலோ கூடின ஆள் குவாட்டர்பேக்கை நோக்கி ஓடி வாறான். இவர் குறுக்க போய் அவனை நிலத்தில சாய்க்கிறார். ஆரும் கைதட்டேல்லை. பந்து வேற எங்கயோ போகுது. அடுத்த தடவையும் அதையே செய்யிறார். தன்ர கையில பந்து இல்லாத நேரம் அணிக்காக இவ்வளவு வேலை செய்த நட்சத்திரம் இந்த நாலு பேரில் வேற ஒருத்தரும் இல்லை எண்டதுதான் என்ர வாதம். பிரவுண் மறிப்பில் பெரிதாக அக்கறை காட்டாதவர் என்ற விமர்சனம் அவர் ஆடின காலத்திலேயே இருந்தது.

இவ்வளவும் எப்பிடிப்பட்ட அணியில்? பேட்டனின் முதல் ஒன்பது பருவத்தில் பெயார்ஸ் ஒரு பிளேஓஃப் மட்சைக்கூட வெல்லவில்லை. எதிரணி பதினொரு பேருக்கும் தெரியும், பந்து பேட்டனிட்டத்தான் வரப்போகுது எண்டு. கடைசியில் 1985 பருவத்தில் பெயார்ஸ் சம்பியன் ஆனது. சூப்பர் போலில் 46–10. அந்த மட்சில் பேட்டனுக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை. பக்கத்தில் நின்று எடுக்க வேண்டிய ஒரு டச்டவுனை, "ஃபிரிட்ஜ்" என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு மலை மாதிரியான தடுப்பாட்டக்காரரிடம் கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். பதினொரு வருஷம் அந்த அணியைத் தூக்கிச் சுமந்த ஆள், வென்ற அந்த இரவில் மனம் நொந்துபோய் இருந்தார். இந்தக் கதையை எப்ப வாசிச்சாலும் எனக்கு என்னவோ செய்யும்.

ஆகவே என்ர வோட்டு பேட்டனுக்கு. ஓடுறதுக்கு மட்டும் பரிசு எண்டா பிரவுண். ரன்னிங் பேக் எண்ட முழு வேலைக்கும் பரிசு எண்டா பேட்டன்.

இப்ப அந்த "ஆனால்".

பேட்டனைப் பற்றிச் சொல்லுற ஆக்கள் மறிப்பில இருந்து தொடங்கிறேல்லை. நானும் இந்தக் கட்டுரையை அங்க தொடங்கேல்லை, பாருங்கோ. காய்ச்சலில தொடங்கினன். 13 பருவத்தில் அவர் தவறவிட்டது ஒரே ஒரு மட்ச் என்று அடுத்ததாகச் சொல்லுவோம். அடிக்க வாறவனைக் கண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியில் ஒதுங்காமல், தானே போய் மோதுவார் என்று சொல்லுவோம். ஸ்மித் என்றாலும் அதே கதைதான்: 1994 ஜனவரியில் நியூயோர்க் ஜயன்ஸுக்கு எதிராகத் தோள்மூட்டு விலகின நிலையில் ஆடி 168 யார்ட் ஓடினார், பத்துத் தடவை பந்தைப் பிடித்தார். அவருடைய 18,355 யார்டைவிட அந்த ஒரு தோளைத்தான் கனபேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கோ. ஃபிராங்கோ ஹாரிஸ், பிட்ஸ்பேர்க் அணியோடு நாலு சூப்பர் போல் வென்றவர். 12,120 யார்ட். பிரவுணின் சாதனைக்கு 192 யார்ட் மட்டும் குறைவு. ஹாரிஸ் தன்னுடைய சாதனையை நெருங்கியபோது, நாற்பதுகளின் கடைசியில் இருந்த பிரவுண், தான் திரும்பவும் ஆட வருவேன் என்று சொல்லுமளவுக்குக் கோபப்பட்டார். ஹாரிஸ் மேல் அவருக்கு இருந்த குறை என்ன தெரியுமா? அடி வாங்காமல் கோட்டுக்கு வெளியில் ஓடுகிறார் என்பதுதான். தன் உடம்பைக் காப்பாற்றினது ஒரு ஆளின் குற்றப்பத்திரிகை ஆகிப் போச்சு.

அடியைத் தேடிப் போனவர்களுக்கு என்ன நடந்தது? ஏர்ல் கம்பெல், ஹியூஸ்டன் ஒய்லர்ஸ். தன்னுடைய முதல் மூன்று பருவத்திலும் லீக்கில் முதலாவது. மோதி ஓடுறதுக்கே பேர்போன ஆள். எட்டு வருஷத்தில் ஆட்டம் முடிந்தது. பிற்காலத்தில் முதுகிலும் முழங்காலிலும் சத்திரசிகிச்சைகள், சக்கர நாற்காலி. கேல் சேயர்ஸ், முதல் பருவத்திலேயே ஒரே மட்சில் ஆறு டச்டவுன் அடித்தவர். முழங்கால் போய் 68 மட்சோடு முடிந்துபோனார். தலையில் பட்ட அடிகளால் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு நட்டஈடு கொடுக்கிற உடன்பாட்டை அமெரிக்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2015இல்தான்.

பேட்டனே என்ன? 1999இல், நாற்பதுகளின் நடுப்பகுதியில், ஈரல் நோயால் இறந்தார். அந்த நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் 2011இல் ஜெஃப் பேர்ல்மன் எழுதிய வாழ்க்கை வரலாறு, வலிமாத்திரைகளில் அவர் எவ்வளவு தங்கியிருந்தார் என்பதையும், ஓய்வுக்குப் பிறகு எப்படி மனம் உடைந்து போனார் என்பதையும் சொன்னது. சிக்காகோவில் பலருக்குக் கோபம். தங்கட நாயகனை அசிங்கப்படுத்திப் போட்டாங்கள் எண்டு. எனக்கு அது அசிங்கமாத் தெரியேல்லை. ஒரு மட்ச்கூடத் தவறவிடக் கூடாது எண்டு நாங்கள் கைதட்டினதுக்கு அவர் குடுத்த விலை மாதிரித்தான் தெரிஞ்சுது.

அதனால்தான் மற்ற இரண்டு பேரின் முடிவுகளை நான் இப்ப வேறு மாதிரிப் பார்க்கிறன். 1966இல், 30 வயதில், முந்தின பருவத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரராக இருந்த பிரவுண் இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்பில் நின்றார். பயிற்சிக்கு வராவிட்டால் தண்டப்பணம் என்று அணி உரிமையாளர் மிரட்டினார். பிரவுண் ஓய்வை அறிவித்தார். 1999இல், 31 வயதில், பேட்டனின் சாதனையைத் தாண்ட 1,458 யார்ட் தேவைப்பட்ட நேரத்தில், ஒரு பருவத்தில் எடுத்துவிடக்கூடிய தூரம் அது, சாண்டர்ஸ் தன்னுடைய ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபக்ஸ் அனுப்பிவிட்டு விலகிப் போனார். ரசிகர்கள் துரோகி என்றார்கள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை அணி திருப்பிக் கேட்டது. ஆனால் அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

இன்றைய ஆட்டக்காரர்களுக்கு இது விளங்கத் தொடங்கியிருக்கு எண்டு நினைக்கிறன். 2024 பருவத்தில் பிலடெல்பியாவின் சேக்வொன் பார்க்லி 2,005 யார்ட் ஓடியிருந்தார். எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 என்ற சாதனையை முறியடிக்க 101 யார்ட் தேவை, ஒரு மட்ச் மிச்சம். பயிற்றுவிப்பாளர் ஓய்வு கொடுத்தார். பார்க்லி வெளியில் இருந்து பார்த்தார். அந்தப் பருவத்தின் சூப்பர் போலை அவருடைய அணி வென்றது. சாதனை இன்னும் டிக்கர்சனிடம்தான் இருக்கு. அதால ஆருக்கு என்ன குறைஞ்சது?

ஒரு ஆளின் திறமையை மெச்சுறது வேற, அவர் தாங்கின நோவை மெச்சுறது வேற. இரண்டையும் நாங்கள் ஒண்டாக் கலந்து வைச்சிருக்கிறம். கலந்து வைச்சா, அடுத்த தலைமுறைப் பெடியனும் காய்ச்சலோட இறங்கினாத்தான் பெரிய ஆள் எண்டு நினைப்பான். பதினாறு வயசில முழங்கால் வீங்கியிருக்கேக்க "சும்மா கட்டுப்போட்டு ஆடு" எண்டு சொல்லுற பயிற்றுவிப்பாளருக்கும் நாங்கள்தான் கதை எழுதிக் குடுக்கிறம்.

பேட்டன் பெரிய ஆட்டக்காரர். ஃபுளூ இல்லாவிட்டாலும் அண்டைக்கு அவர் பெரிய ஆட்டக்காரர்தான். அதனால் அடுத்த தடவை ஆரோடையும் இந்த விவாதம் வந்தா, நான் 275இல இருந்து தொடங்கமாட்டன். பந்து தன்ர கையில இல்லாத நேரம் அவர் என்ன செய்தார் எண்டதில இருந்து தொடங்குவன்.